பூர்வீக நிலத்தைப் பற்றிப் பேசக் குடும்பத்தைக் கூட்டுவது எப்படி?

பெரியவர்கள் விட்டுப்போன நிலம் பல குடும்பங்களில் பேச்சே இல்லாமல் கிடக்கும். ஒருவர் பயிர் வைக்கிறார், ஒருவர் வரி கட்டுகிறார், தூரத்தில் இருக்கும் ஒருவர் எப்போதாவது "நம்ம நிலம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். யாருக்காவது அவசரமாகப் பணம் தேவைப்படும்போதோ, வீட்டில் அடுத்த சாவு விழும்போதோதான் விஷயம் வெளியே வருகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

எல்லோரும் நல்லபடியாக இருக்கும்போதே கூடிப் பேச நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதல் கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். எடுக்கப்போவதில்லை என்பதை அழைக்கும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். கையெழுத்துக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு வருகிறவர் மற்றவர் சொல்வதைக் கேட்கமாட்டார். தன் பதிலைத்தான் மனதுக்குள் தயார் செய்துகொண்டிருப்பார். முதல் கூட்டத்துக்கு இரண்டே வேலை. எல்லோருக்கும் ஒரே தகவல் தெரியவேண்டும். ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று மற்றவர்கள் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

அதற்காக வருஷக்கணக்கில் இழுக்கலாம் என்று பொருள் இல்லை. தள்ளிப்போடுவதால் என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாத்தா பெயரில் நிலம், அவருக்கு 4 பிள்ளைகள், சமமாகப் பிரிகிறது என்றால் தலைக்கு 1/4. அவர்களில் ஒருவர் 3 பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 1/12. அவர்களில் ஒருவருக்கு 2 வாரிசு என்றால் 1/24. நான்கு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைக்க முடிந்த காலம் போய், ஒருவரையொருவர் பார்த்தே இராத பதினைந்து பேரின் கையெழுத்தைத் தேடி அலையும் காலம் வந்துவிடும். அதில் ஒருவர் மைனராக இருந்தால் இன்னும் சிக்கல். மைனரின் பங்கை விற்கப் பல நாடுகளில் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

முதலில் காகிதங்கள்

கூட்டத் தேதியைக் குறிப்பதற்கு முன்பே காகித வேலையை ஆரம்பியுங்கள். இதை ஒரே ஆள் செய்தால், அவர் எதையோ மறைக்கிறார் என்ற பேச்சு எப்படியும் வரும். நிலத்தை இப்போது பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், வெளியே இருக்கிறவர் ஒருவர் என்று இரண்டு பேராகச் செய்யுங்கள்.

யார் பெயரில் நிலம் இருக்கிறது என்பதைப் பத்திரம், அரசுப் பதிவேடு, வரி ரசீது மூன்றிலும் பாருங்கள். மூன்றிலும் மூன்று பெயர் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், சாதாரணமாக நடப்பதுதான். வரி ரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. இந்தியாவில் வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் பெயர் தன்னளவில் உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. "முப்பது வருஷமா நான்தானே வரி கட்டுறேன்" என்கிறவர் அந்தப் பணத்தைக் கணக்கில் கேட்கலாம். முழு நிலத்தையும் கேட்பது வேறு விஷயம்.

அடுத்து, ஒரு பெரிய தாளில் குடும்பக் கிளை வரைபடம். நிலம் யாரிடமிருந்து வந்ததோ அவரில் தொடங்கி இறந்தவர்கள், இறந்த ஆண்டு, உயில் உண்டா இல்லையா, அவர்களின் கணவன் மனைவி, பிள்ளைகள் என்று எல்லோரையும் எழுதுங்கள். இரண்டாம் மணத்துப் பிள்ளைகள், தத்து போனவர்கள், பேச்சுவார்த்தை நின்றுபோன கிளை, யாரையும் விடாதீர்கள். சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் சொல்லப்படும் பங்கும் சட்டம் சொல்லும் பங்கும் பெரும்பாலும் இடிக்கிற இடம் பெண் பிள்ளைகள். இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்து, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்று ஆக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "அவளுக்குத்தான் கல்யாணத்தில் செய்தாச்சே" என்ற வாதம் கூட்டத்தில் எழத்தான் செய்யும். எழுவதற்கு முன்பே சட்டம் என்ன சொல்கிறது என்பது எல்லோர் கையிலும் காகிதமாக இருக்கட்டும். மதத்துக்கும் நாட்டுக்கும் ஏற்றபடி வாரிசுச் சட்டம் மாறும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தில் நடந்ததை வைத்து உங்கள் பங்கைக் கணக்குப் போடாதீர்கள்.

பிறகு நிலம். காகிதத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு? ஒரு பத்திரம் ஏக்கரிலும் இன்னொன்று ஹெக்டேரிலும் இருந்தால் ஒரே அளவைக்கு மாற்றுங்கள் (1 ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர்). எல்லை தகராறு என்றால் நில அளவையரை வைத்து அளந்துவிடுங்கள். வில்லங்கம் பார்ப்பது கட்டாயம்: அடமானம், நிலுவை வரி, வழக்கு, குத்தகைக்காரரின் உரிமை, யாராவது நம் நிலத்தின் வழியாக நடந்துபோகும் பாதை. நமக்கு நிலத்துக்குள் போகப் பாதை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதை இல்லாத நிலத்தைப் பிரித்தாலும் சண்டை, விற்றாலும் விலை கிடைக்காது.

கடைசியாக மதிப்பு. பங்கு இல்லாத, அந்த நிலத்தை வாங்கும் ஆசையும் இல்லாத ஒரு மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பும் (பத்திரப் பதிவுக்காக அரசு குறிக்கும் விலை) சந்தை விலையும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் எழுதிவையுங்கள்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, காகிதங்களின் நகலோடு எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒரே நாளில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேர்ந்தாலே "அவங்க ஏற்கெனவே பேசி வச்சுட்டாங்க" என்று ஆகிவிடும்.

யாரைக் கூப்பிடுவது

பங்கு உள்ள எல்லோரையும். வரமாட்டார் என்று தெரிந்தவரையும். அழைப்பு போகவில்லை என்ற ஒரு காரணம் போதும், பின்னால் நடந்த அத்தனையையும் ஒருவர் மறுக்க.

மருமகள், மருமகன் விஷயத்தில் இரண்டு கருத்து உண்டு. ரத்த உறவு மட்டும் உட்காரட்டும் என்பார்கள் பலர். என் கருத்து வேறு. அவர்கள் கூட்டத்தில் இல்லாவிட்டாலும் அன்று இரவு வீட்டில் பேச்சு நடக்கத்தான் போகிறது. பாதி கேட்டதை வைத்துப் பேசுவதைவிட நேரில் கேட்டுப் பேசுவது மேல். அவர்களும் வரட்டும், ஆனால் முதல் சுற்றில் பங்குதாரர் மட்டும் பேசட்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் மனம் நோகமாட்டார்கள். நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர், வாங்கத் தயாராக இருக்கும் நண்பர், தரகர் ஆகியோருக்கு இந்தக் கூட்டத்தில் வேலை இல்லை.

தலைக்கு ஒரு வழக்கறிஞரைக் கூட்டிவந்தால் அது வழக்கின் முதல் நாளாகிவிடும். குடும்பம் முழுவதற்கும் பொதுவாக ஒருவரிடம் முன்பே ஆலோசனை கேட்டு, அவர் சொன்னதை எழுத்தில் வாங்கி வாசித்தால் போதும். பத்திரம் போடும் கட்டத்தில் யாருக்காவது தனக்கென்று வழக்கறிஞர் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும், அதில் தப்பு இல்லை.

தனித்தனியாக ஒரு பேச்சு

கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்தோ தொலைபேசியிலோ பேசுங்கள். எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்வி. இந்த நிலம் உங்களுக்கு என்ன? இன்னும் ஐந்து வருஷத்தில் இது எப்படி இருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எது நடந்துவிடக் கூடாது?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். "விற்கணும்" என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்கிற தம்பி, "அண்ணன் செத்தபிறகு அவர் பசங்களோட கோர்ட்டுக்கு அலையக் கூடாது, அதான்" என்பார். "விற்கவே கூடாது" என்கிற அக்கா, "அப்பா அம்மாவைப் புதைத்த மூலையை யாரும் தொடக் கூடாது" என்பார். இருவரும் கேட்பது ஒன்றுக்கொன்று எதிரானது போலத் தெரிந்தது, பார்த்தால் இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும்.

கேட்டதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுமந்துபோகாதீர்கள். "அக்கா விற்கவே கூடாதுன்னு சொல்றாங்க" என்று நீங்கள் ஓரிடத்தில் வாய்தவறினால் உங்கள் நடுநிலை அன்றோடு போயிற்று.

அழைப்பு

குழுவில் ஒரு குரல்பதிவைப் போட்டுவிட்டு அழைத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில், குறைந்தது மூன்று வாரம் முன்னால், இப்படிச் சுருக்கமாக:

"அண்ணா, அக்கா, தம்பி, அத்தை, சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தைப் பற்றிப் பேச இந்தத் தேதியில் இந்த இடத்தில் இரண்டு மணி நேரம் கூடுகிறோம். இதில் எந்த முடிவும் எடுக்கமாட்டோம், யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டோம். நிலத்தின் காகிதங்களையும் சட்டப்படி பங்கு விவரத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறோம். அதில் தப்பு இருந்தால் முன்பே சொல்லுங்கள். நேரில் வர முடியாதவர்கள் காணொளியில் சேரலாம்; அதுவும் முடியாதவர்கள் எழுதி அனுப்பினால் அப்படியே வாசிப்போம்."

தேதியைக் கல்யாணத்தோடோ, காரியத்தோடோ சேர்த்து வைக்கலாமே, எல்லோரும் எப்படியும் வருவார்களே என்று தோன்றும். வேண்டாம். துக்கத்தில் பேசியதை மூன்று மாதம் கழித்து "அப்போ எனக்குப் புத்தி நிதானத்தில் இல்லை" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். நிலத்தை வைத்திருப்பவர் வீட்டிலும் கூட்டம் போடாதீர்கள். அங்கே அவர் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளி. விருந்தாளி கணக்குக் கேட்கக் கூச்சப்படுவார்.

அன்றைக்கு நடத்துவது

நடத்துபவர் யார் என்பதில்தான் பாதிக் கூட்டம் கெடுகிறது. மூத்தவர் என்பதற்காக ஒருவரை உட்காரவைத்துவிடுவோம். அவருக்கே மூன்றில் ஒரு பங்கு இருக்கும். பங்கு இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் கடன் கொடுத்திராத, யாரிடமும் கடன் வாங்கியிராத, எல்லோரும் மதிக்கிற ஒருவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பணம் கொடுத்து ஒரு சமரசரை அமர்த்துங்கள். பின்னால் ஆகிற வழக்குச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

கூட்டத்தை இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள். முதல் இருபது நிமிடம் அனுப்பிய இரண்டு பக்கத்தை வாசித்து, தகவலில் ஏதும் தப்பு உண்டா என்று மட்டும் கேளுங்கள். "இந்த விஸ்தீரணம் சரியா?", "இந்தக் கடன் அடைந்துவிட்டதா?" போன்ற கேள்விகள். கருத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அதன்பின் ஆளுக்கு ஐந்து நிமிடம், குறுக்கே யாரும் பேசாமல். பேசும் வரிசை முக்கியம். பெரியவரிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை என்று நினைப்போம். ஆனால் பெரியண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கடைசித் தங்கை வாயைத் திறக்கமாட்டாள். அதனால் இளையவரிலிருந்து ஆரம்பித்து, பெரியவரைக் கடைசியாக, எல்லாம் கேட்டபின் பேசச் சொல்லுங்கள். கடைசியில் பேசுவதும் ஒரு மரியாதைதான் என்பதை அவரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். காணொளியில் இருப்பவர்களுக்கு முதலிலேயே வாய்ப்புக் கொடுங்கள். இல்லாவிட்டால் நாம் அவர்களை மறந்துவிடுவோம், அல்லது இணைப்பு போய்விடும்.

சொல்வதையெல்லாம் ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி பெரிய தாளில் எழுதட்டும். தான் சொன்னது எழுத்தில் ஏறிவிட்டது என்று கண்ணால் பார்த்தவர் அதையே ஐந்து தடவை சொல்லமாட்டார். குரல் உயர்ந்தால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னைக்கே முடிச்சிடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் நல்ல மனதோடுதான். அழைப்பில் எழுதியதை எடுத்து வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் இடைவெளி சரியாக இருக்கும்.

பழைய கணக்கு

நிலத்தைப் பற்றிய சண்டை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பழைய கணக்கைப் பற்றிய சண்டை. இதைத் தனியாகப் பேசித் தீர்க்காமல், விற்பதா வைப்பதா என்று போனால் ஒவ்வொரு பேச்சிலும் அதுவே முளைக்கும்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதட்டும். ஒரு பக்கம் அவர் செலவழித்தது: வரி, வேலி, கிணறு தூர் வாரியது, வழக்குச் செலவு. இன்னொரு பக்கம் அவருக்கு வந்தது: விளைச்சல், குத்தகை, மரம் விற்றது, வீட்டில் வாடகையின்றிக் குடியிருந்தது. முப்பது வருஷத்துக்கு ரசீது கேட்காதீர்கள், யாரிடமும் இருக்காது. குத்துமதிப்பாக ஒரு தொகை, எல்லோரும் ஒப்புக்கொள்கிற அளவுக்கு இருந்தால் போதும். சில குடும்பங்களில் "இன்றைய தேதி வரை வரவும் செலவும் சரிக்குச் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சந்தேகம் பெரிதாக இல்லாத இடத்தில் அது நல்ல வழி.

பார்த்துக்கொண்டவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் கூட்டு உரிமையாளர் ஒருவர் நிலத்தை அனுபவித்துவந்தால், அவர் எல்லோருக்காகவும் வைத்திருக்கிறார் என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும். பல வருஷம் உழுததாலேயே மற்றவர்களின் பங்கு கரைந்துபோகாது. அதே சமயம், அவர் இல்லாவிட்டால் இந்த நிலம் வேலி போய், பக்கத்து நிலத்துக்காரர் கைக்கு நகர்ந்து, பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பதை மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டும். தொகையைக் குறைப்பதற்கு முன் இந்த ஒரு நன்றியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

அப்பா அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட கணக்கும் இங்கேதான் வரும். சட்டம் பெரும்பாலான இடங்களில் அதற்கென்று பங்கைக் கூட்டித் தருவதில்லை, ஆனால் குடும்பம் தரலாம். தர நினைத்தால் பங்கின் பின்னத்தைத் திருத்த வேண்டாம். ஒரு தொகையாகவோ, வீடு நிற்கும் பகுதியை அவருக்கென்று விட்டோ கொடுங்கள். பின்னத்தில் கைவைத்தால் அடுத்த தலைமுறைக்கு ஏன் இந்தக் கணக்கு என்று புரியாது.

அம்மா உயிரோடு இருந்தால் எந்த வழியைப் பேசினாலும் முதலில் அவருக்கு என்ன என்பதைத் தீர்த்துவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கும் உரிமையும், நில வருமானத்தில் ஒரு பகுதியும் பத்திரத்தில் எழுதப்படவேண்டும். "நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்று கோபப்படுவார்கள். பார்த்துக்கொள்வார்கள்தான். எழுதியும் வைக்கட்டும்.

இரண்டாம் கூட்டம்: வழிகள்

விற்பதா, வைப்பதா என்ற இரண்டுக்குள் பேச்சை அடைத்துவிடாதீர்கள். இடையில் நிறைய வழி இருக்கிறது.

அளந்து பிரித்துக்கொள்ளலாம். பரப்பளவில் சமம் என்பது மதிப்பில் சமம் ஆகாது. சாலை ஓரத்துப் பத்து சென்ட்டும் உள்ளே இருக்கும் பத்து சென்ட்டும் ஒன்றில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பாதையும் தண்ணீரும் எப்படி என்று வரைபடத்திலேயே குறியுங்கள், பொதுப் பாதைக்கும் பொதுக் கிணற்றுக்கும் உள்ள உரிமையைப் பத்திரத்தில் எழுதுங்கள். எவ்வளவு சின்னத் துண்டாகப் பிரிக்க அரசு அனுமதிக்கும் என்பதை முன்பே விசாரியுங்கள். இரண்டே பேர் என்றால் ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். இதைவிட எளிய நியாயம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிரிக்காமல் கூட்டாக வைத்திருந்து குத்தகைக்கு விடலாம். பங்குதாரர் அதிகம் என்றால் ஒரு அறக்கட்டளையோ நிறுவனமோ அமைத்து அதன் பெயருக்கு மாற்றுவதும் உண்டு. வரி, செலவு இரண்டையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கொஞ்சத்தை விற்று மீதியை வைத்திருக்கலாம். முழுவதையும் விற்கலாம். முடிவை மூன்று வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம், ஆனால் அதையும் ஒரு முடிவாக எழுதி, அந்த மூன்று வருஷத்துக்கு யார் பொறுப்பு, வருமானம் யாருக்கு என்று குறிக்கவேண்டும்.

அல்லது ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். விற்கிறவர் முதலில் குடும்பத்துக்குள் கேட்கவேண்டும் என்ற எண்ணம் பல சட்டங்களிலேயே இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 22ஆம் பிரிவு உடன்வாரிசுகளுக்கு முன்னுரிமை தருகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் கூட்டு உரிமையாளர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் 2010ஆம் ஆண்டின் வாரிசு நிலப் பாகப்பிரிவினை மாதிரிச் சட்டம், ஒருவர் விற்கச் சொல்லி நீதிமன்றம் போனால், மற்ற வாரிசுகள் மதிப்பீட்டு விலைக்கு அவர் பங்கை வாங்க முதலில் வாய்ப்புத் தருகிறது.

விலையில் ஒத்துப்போகவில்லை என்றால் மூடிய உறை முறையைச் செய்து பாருங்கள். போலந்துக் கணித அறிஞர் க்னாஸ்டர் 1940களில் வகுத்த முறை இது. மூன்று பேர், சமப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். முழு நிலமும் தனக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒவ்வொருவரும் தனியாக எழுதி உறையில் போடுகிறார்கள். அக்கா 90, அண்ணன் 75, தம்பி 60 (லட்சமோ, கோடியோ, உங்கள் நாட்டுப் பணமோ). அதிகம் எழுதிய அக்காவுக்கு நிலம். அவர் கணக்குப்படி அவர் பங்கு 30, ஆகவே 60ஐப் பொதுவில் வைக்கிறார். அண்ணன் தன் கணக்கில் மூன்றில் ஒன்றான 25ஐ எடுக்கிறார், தம்பி 20ஐ எடுக்கிறார். மிச்சம் 15. அதை மூன்று பேருக்கும் 5, 5, 5 என்று பிரித்துவிடுகிறார்கள். கடைசியில் அக்கா கொடுப்பது 55, அண்ணனுக்கு 30, தம்பிக்கு 25. ஒவ்வொருவருக்கும் தான் நியாயம் என்று எழுதிய பங்கைவிட 5 அதிகம் கிடைத்திருக்கிறது. பங்கு சமம் இல்லாவிட்டால் அதற்கேற்றபடி கணக்கை மாற்றவேண்டும்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. நிலத்தின்மேல் உயிரையே வைத்திருப்பவர் கையில் பணம் இல்லாதவராக இருக்கலாம். அவர் தவணையில் கொடுக்க ஒப்புக்கொள்ளலாமா, எத்தனை வருஷம், வட்டி உண்டா, தவணை நின்றால் என்ன என்பதை உறை போடுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். பணம் உள்ளவருக்கே நிலம் என்று ஆகிவிடாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

முடிவு எடுப்பது வாக்கெடுப்பிலா, ஒருமித்தா? குத்தகைக்கு விடுவது, வேலி போடுவது போன்ற அன்றாட விஷயத்துக்குப் பங்கின் அளவில் பெரும்பான்மை போதும் என்று எழுதிக்கொள்ளலாம். விற்பதற்கும் அடமானத்துக்கும் எல்லோர் சம்மதமும் வேண்டும். என் பங்கை நீங்கள் ஓட்டுப் போட்டு விற்க முடியாது, சட்டமும் விடாது.

எழுதுவதும் கையெழுத்தும்

கூட்டக் குறிப்பு வேறு, பாகப்பிரிவினைப் பத்திரம் வேறு. முதல் கூட்டத்துக் குறிப்பின் தலைப்பிலேயே "இது பேசியதன் குறிப்பு மட்டும், இதனால் யாருடைய உரிமையும் மாறவில்லை" என்று எழுதுங்கள். வந்தவர்கள், வராதவர்கள், சொன்னது, அடுத்த தேதி, யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவரவேண்டும் என்பது மட்டும் போதும். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பி, திருத்தம் இருந்தால் கேளுங்கள்.

இந்த எச்சரிக்கை சும்மா இல்லை. இந்தியாவில், அசையாச் சொத்தில் உரிமையைத் தானே பிரித்துத் தருகிற ஆவணம் பதிவு செய்யப்படவேண்டும். ஏற்கெனவே வாய்மொழியாக முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காகக் குறித்துவைத்தால் பதிவு கட்டாயமில்லை என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் ஒரு வாக்கியத்தில் நிற்கிறது. அதனால் வெள்ளைத்தாளில் "இன்று முதல் இன்னாருக்கு இது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் வேலை வேண்டாம். இறுதி முடிவு வந்ததும் வழக்கறிஞரை வைத்து எழுதிப் பதிவு செய்யுங்கள். விடுதலைப் பத்திரமா (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), தான செட்டில்மெண்டா (தானமாக எழுதிக்கொடுப்பது), பாகப்பிரிவினையா என்பதைப் பொறுத்து முத்திரைக் கட்டணம் மாறும், கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரப் பத்திரம் தரும்போது எதற்கு, எந்த நிலத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எல்லைகட்டித் தரட்டும்.

ஒருவர் மட்டும் ஒத்துவராவிட்டால்

வரமாட்டேன் என்கிறவருக்கு ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் தவறாமல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். அவருக்கு யாரோடு மனஸ்தாபம் என்று பாருங்கள். அந்த ஆளைத் தவிர வேறொருவர் நேரில் போய்ப் பேசட்டும். பல சமயம் அவர் நிலத்தை எதிர்க்கவில்லை, இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு அவமானத்துக்கு இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்கும் மசியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு இருக்கவே இருக்கிறது. எந்தக் கூட்டு உரிமையாளரும் பிரித்துக் கேட்கலாம் என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டம். பிரிக்க முடியாத நிலத்தை நீதிமன்றம் விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்வதும் உண்டு. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்: இழுத்தடித்தால் வெளியார் ஏலத்தில் எடுக்கும் நிலை வரலாம் என்பது அவருக்கும் தெரியட்டும். நீதிமன்றம் போனபிறகும் சமரசத்துக்கு இடம் உண்டு.

கூட்டாக வைத்திருப்பது என்று முடிவானால் வேலை அதோடு நிற்காது. இறந்தவர் பெயரை நீக்கி வாரிசுகள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நிலத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதை இயக்க இரண்டு பேர் கையெழுத்து. பொறுப்பாளரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அவருக்கு ஒரு சின்ன ஊதியமும் கொடுங்கள். இலவசமாக உழைப்பவரிடம் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது. வருஷத்தில் ஒரு நாளைக் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்னால் வரவு செலவை எல்லோருக்கும் அனுப்புங்கள். பங்குதாரரின் பிள்ளைகளில் 18 வயது நிரம்பியவர்கள் இருந்தால் அவர்கள் முகவரியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.